யாருமில்லைங்க சாமி

எங்கள் வளவில் குழாயடிச் சண்டைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. குடத்தை நகர்த்தினால் சண்டை, கோழி புகுந்தால் சண்டை. வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவார்கள், மறுநாள் சண்டை போட்டவளிடமே போய்க் கொஞ்சம் உப்புக் கேட்பார்கள். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எவளும் எடுக்க மாட்டாள். 'நாதியத்தவ.' அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது. என்னை ஒருத்தி ஒரு தடவை சொல்லப் பார்த்தாள். 'நா' என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிக்கொண்டாள். என் கையில் பித்தளைக் குடம் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த வார்த்தையைச் சர்க்கார் ஆளிடம் நாங்களே சொல்லிக் காட்ட வேண்டி வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வளவு என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறை வீடுகள். திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற வழியில், மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கின வெயிலைச் சாயங்காலம் எங்கள் மேல் விடுகிற இடத்தில் எங்கள் வளவு இருந்தது. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை வரும். என் கையில் எப்போதும் புகையிலை வாடை. சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் புகையிலைக் காம்பு கிழிக்கிற வேலை எனக்கு, தினக்கூலி. கட்டினவன் சிலோனுக்குப் போனான். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது, அதோடு சரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்திருந்தேன். அதனால் வளவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். எனக்கு மட்டும் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போவார், எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டில் இருந்தவளை எல்லோரும் பெரியாத்தா என்போம். யாருக்கும் அவள் உறவுமுறையில் பெரியாத்தா இல்லை. ஆத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரி. சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டான், பிள்ளை கிடையாது. கொஞ்சம் வயலும் ஒரு வீடும் இருந்தன. கை கால் ஓடுகிறபோதே கடைசிக் காலத்துக்கு வழி பண்ணிவைக்க வேண்டும் என்று, ஐம்பதுகளின் தொடக்கத்தில், அண்ணன் மகன் பேரில் அத்தனையையும் எழுதிக் கொடுத்தாள். உயிரோடு இருக்கிறவரை கஞ்சி ஊற்ற வேண்டும், சாகும்போது வாயில் ஒரு மிடறு தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. நாலு பேர் முன்னால் பேசித்தான் செய்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளையில்லாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஊரே அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னதாம்.

அண்ணன் மகன் கொஞ்ச காலம் கஞ்சி ஊற்றினான். அப்புறம் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்புறம் வயலை விற்றான், வீட்டை விற்றான், மேலே மலையில் ஏதோ எஸ்டேட்டில் வேலை என்று குடும்பத்தோடு போய்விட்டான். பெரியாத்தா ஒரு மூட்டைத் துணியோடு திண்டுக்கல்லுக்கு வந்து, நாலு வீடுகளில் மாவாட்டிக் கொடுத்துப் பிழைத்தாள். நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவள் திட்ட மாட்டாள்.

"அவன் மேல என்ன தப்பு தாயி. நான் சாகுறதுக்குத் தாமசமாகிப் போச்சு. அம்புட்டு நாளைக்கு அவனுந்தான் என்ன பண்ணுவான்."

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

நாங்கள் ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததற்குத் தர்மம், புண்ணியம் என்று பெரிய பேரெல்லாம் வைக்க வேண்டாம். ஒரு ஆளுக்கு உலை வைக்கிற கொடுமை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அரிசியை அளந்து போட்டால் சட்டியின் அடியில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குத்தான் இருக்கும். சோறு வெந்ததும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பழனி ரயில் ஊதிக்கொண்டு போகும். எதிர்வீட்டில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். இப்படியே சில வருஷம். ஒரு நாள் பெரியாத்தா வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு என்னாத்தா வெஞ்சனம்?" என்றாள். கத்தரிக்காய் என்றேன். போய்த் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தட்டில் அவள் பங்குக்குக் கொஞ்சம் சோறும் இருந்தது. அன்றைக்கு நான் ரெண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் எந்த நாளும் அவள் தனியாகச் சாப்பிட்டதில்லை, நானும்தான்.

பிறகு ஒரு மழைநாளில் குழாயடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் அடி. வைத்தியர் எண்ணெய் போட்டு நீவினார், கட்டுப் போட்டார். உட்கார முடிந்தது, சுவரைப் பிடித்து ரெண்டு எட்டு வைக்க முடிந்தது, அதற்கு மேல் இல்லை. மாவாட்டுவது நின்றது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் வீட்டில் இருந்தால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் ரெண்டு பேருக்கும் உலை இல்லை. முதல் சில நாள் ஒரு செம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் செம்பு கவிழ்ந்து கிடக்கும், நாக்கு வறண்டு கிடப்பாள். அடுத்த சந்தில் ஒரு கைம்பெண், பகலெல்லாம் கூட இருக்கிறேன், மாதம் ஏதாவது கொடு என்றாள். அந்த ஏதாவதுக்கு நான் எங்கே போவேன்?

எங்கள் வளவுத் தையல்காரர் வீட்டு அக்கா, "மடத்துல ஒரு விடுதி இருக்காம். வயசானவுகளைச் சேத்துக்கிறாகளாம். நல்லாப் பாத்துக்கிறாகளாம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் அவளைக் கடித்துக் குதறாத குறை. பெரியாத்தா இரவில் சாப்பிடும்போது, "அங்க என்ன வெஞ்சனம் போடுவாக?" என்று கேட்டாள். அவள் போய்விட்டால் என் கதி என்ன என்றுதான் முதலில் நினைத்தேன், அவள் கதியை அப்புறம்தான் நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. தனியாக இருந்து பார்த்தவர்கள் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை பேப்பர் படித்துக்கொண்டே சொன்னார். ஆதரவில்லாத வயசாளிகளுக்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் கொடுக்கப் போகிறதாம், வீட்டுக்கே மணியார்டர் வருமாம். அன்றைக்கே மனு எழுதினேன். வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். பெரியாத்தாவுக்கு வயது எங்கே தெரியும்? கைவண்டியில் உட்காரவைத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, இருந்த ரெண்டு பல்லைப் பார்த்து, எழுபதுக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தார். "மாட்டுக்குப் பாக்குற மாதிரி பாத்துட்டாரே" என்று அவளுக்குச் சிரிப்பு.

விசாரணைக்கு ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். இளவயது, நல்ல மனுஷன். வளவே கூடிவிட்டது. சர்க்கார் ஆள் வீடு தேடி வருவது எங்களுக்கு ஒரு விசேஷம். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், யாரோ மோர் கொண்டுவந்தார்கள். பெரியாத்தாவுக்குத் தையல்காரர் வீட்டு அக்கா தன் புதுச் சேலையைக் கட்டிவிட்டிருந்தாள். அழுக்குச் சேலையோடு ஒரு ஆபீஸர் முன்னால் எப்படி உட்காருவது?

அவர் பொதுவாகக் கேட்டார். "இந்தம்மாவுக்கு ஆதரவுன்னு யாரும் இல்லையா?"

எங்கள் வளவில் பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் அண்ணன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"யாருங்க சொன்னது அப்படி? நாங்க அம்புட்டுப் பேரும் இருக்கோம்ல. எங்க வளவுல நாதியில்லைன்னு ஒரு உசுரு கிடையாது. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இன்ஸ்பெக்டர் பெரியாத்தா பக்கம் திரும்பி, "யாரும்மா கஞ்சி ஊத்துறா?" என்றார். அவள் முகமெல்லாம் சிரிப்பாக என்னைக் காட்டினாள். "அந்தா நிக்குதே, அந்தப் புள்ளதான். தங்கமான புள்ள சாமி."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ எழுதினார். மோரைக் குடித்துவிட்டு, "நல்ல சனங்கம்மா நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து, ஆதரவு இருப்பதால் மனு தள்ளுபடி என்று வந்தது. அதையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வளவே அடங்கிவிட்டது. பூட்டுக்கார அண்ணனைத்தான் முதலில் பிடித்தேன்.

"உங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன?"

"ஏத்தா, என்னைய என்ன பண்ணச் சொல்ற? உக்காந்திருக்க மனுஷிய வச்சுக்கிட்டு, அவ மூஞ்சிக்கு நேராவே நாதியத்தவன்னு சொல்லவா? பொய்கூடச் சொல்லிருவேன். அந்த வார்த்தை வாயில வராதுத்தா."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? இடுப்பு ஒடிந்தவளுக்குப் பகலில் ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க அது உதவாது.

மறுபடி மனுப் போட்டேன். இந்தத் தடவை வளவுக்காரர்களிடம், ஒன்றும் சொல்ல வேண்டாம், விசாரணைக்கு ஆள் வந்தால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள், அது போதும் என்று கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார்கள். பெரியாத்தாவுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் நான் காலை மடக்கி உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்பேன்.

"உனக்கு யாரும்மா இருக்கா?"

"நீ இருக்க."

"நான் இல்ல பெரியாத்தா. நான் இப்ப ஆபீஸர்."

"ஆபீஸரா இருந்தா என்ன, நீ இருக்கேல்ல?"

"யாருமில்லைங்க சாமின்னு சொல்லணும்."

"அது எப்படித்தா சொல்றது. சோத்தைத் தின்னுபிட்டு."

தினமும் இதே கூத்துதான். சில நாள் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சல் வரும். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, மடத்துக்குப் போறியா என்று கேட்டுவிட்டேன் ஒரு நாள். அவள் தலையைக் குனிந்து, மெதுவாக, "யாருமில்லைங்க சாமி" என்றாள். அதோடு நான் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அதே இன்ஸ்பெக்டர்தான் மறுபடியும் வந்தார். வளவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. பட்டப்பகலில் அத்தனை வீடும் சாத்திக் கிடந்த அந்த முற்றத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நானும் உள்ளே போய்விட வேண்டும் என்றுதான் ஏற்பாடு. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கொண்டுபோனேன், மாட்டிக்கொண்டேன். பெரியாத்தா தன் கிழிந்த சேலையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குன்னு யாரும்மா இருக்கா?"

"எனக்கு யாருமில்லைங்க சாமி."

குரல் கொஞ்சமும் ஆடவில்லை. அவர் பேனாவால் என்னைக் காட்டினார். "இது யாரு? போன தடவை இதுதான் கஞ்சி ஊத்துதுன்னு சொன்ன."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது பக்கத்து வீட்டுப் புள்ளைங்க. எனக்கு ஒறவு ஒண்ணும் ஆகாது. கேட்டா ஒரு வாய் தண்ணி குடுக்கும்."

இது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் சாத்திக் கிடந்த கதவுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சைக்கிள் தெருமுனை தாண்டியதும் பெரியாத்தா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்து, "சரியாச் சொன்னேனா?" என்றாள்.

"சரியாத்தான் சொன்ன."

"அப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் இல்லை. எனக்கு வலித்தது. சொல்லிக்கொடுத்தவள் நான், சொல்லச் சொல்லி மிரட்டியவளும் நான், அவள் சொன்னதும் உள்ளே எதையோ பிடுங்கிப் போட்ட மாதிரி இருந்தது. கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அன்றைக்கு அவள் தட்டை ணங்கென்று வைத்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கும் உலகத்தில் யாருமில்லை என்பதை யாரோ எழுதிக்கொண்டு போன மாதிரி ஒரு நினைப்பு, இரவெல்லாம் போகவில்லை.

பணம் வந்தது. தபால்காரர் இப்போது தலையைக் குனியாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். பெரியாத்தா கைநாட்டு வைத்தாள். அடுத்த சந்துக் கைம்பெண் பகலில் வந்து இருந்தாள், நான் நிம்மதியாகக் கிட்டங்கிக்குப் போனேன். மடத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது.

ஆனால் பயம் ஒன்று ஒட்டிக்கொண்டது. யாராவது மொட்டை மனுப் போட்டால் பணம் நின்றுவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வெளியாள் வளவுக்குள் வந்தால் நான் அவள் வீட்டுப் பக்கம் போவதில்லை. சோற்றைக்கூட முந்தானையில் மறைத்துக்கொண்டு போவேன். பெரியாத்தா அதற்கும் மேலே போனாள். கால்சட்டை போட்ட யார் வந்தாலும், கேட்கிறாரோ கேட்கவில்லையோ, "எனக்கு யாருமில்லைங்க சாமி" என்று ஆரம்பித்துவிடுவாள். மலேரியாவுக்கு மருந்தடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுத வந்தவரிடம் சொன்னாள். ஓட்டர் லிஸ்ட் எழுத வந்த வாத்தியாரிடம் சொன்னாள். நத்தத்திலிருந்து மாம்பழக் கூடையோடு வந்த வியாபாரி கால்சட்டை போட்டிருந்தான் என்று அவனிடமும் சொன்னாள். அவன் பாவப்பட்டு ஒரு பழம் கொடுத்துவிட்டுப் போனான். வளவே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பழத்தை அவள் எனக்கென்று வைத்திருந்து கொடுத்தாள்.

சில வருஷம் அப்படியே ஓடியது. அறுபதுகள் முடிகிற சமயத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பூட்டுக்கார அண்ணனும் நானும் குதிரைவண்டி வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டில் இல்லை, தரையில் பாய் போட்டுக் கிடத்தினார்கள். அண்ணன் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது, போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். புகையிலை வாடையை வைத்து நான்தான் என்று தெரிந்துகொண்டிருப்பாள், பேச்சு இல்லை.

காலையில் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. நர்ஸம்மா நோட்டோடு கூட வந்தார். டாக்டர் எங்கள் பாயருகே நின்று நாடியைப் பார்த்தார், கண்ணை விலக்கிப் பார்த்தார். அப்புறம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நர்ஸிடம் கேட்டார்.

"இந்தம்மாகூட யாரு இருக்கா?"

நான் எழுந்தேன். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். இனிமேல் எந்தச் சர்க்கார் பணத்தை நிறுத்தினால் என்ன?

பெரியாத்தா கண்ணைத் திறந்தாள். அந்தக் கால்சட்டையைப் பார்த்தாள். எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"எனக்கு யாருமில்லைங்க சாமி. இது பக்கத்து வீட்டுப் புள்ள. கேட்டா ஒரு வாய் தண்ணி குடுக்கும்."

டாக்டர் தலையாட்டினார். நர்ஸம்மா எழுதிக்கொண்டார். ரெண்டு பேரும் அடுத்த பாய்க்குப் போனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் பிடித்திருந்த மணிக்கட்டை விடவில்லை, இழுத்தாள். குனிந்தேன்.

"சரியாச் சொன்னேனாத்தா?"

"சரியாச் சொன்ன பெரியாத்தா."

கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் உதடு அசைந்தது. தண்ணி என்றாள்.

கொடுத்தேன்.